ஸ்டாப் மோஷன் குழுப்படத்தை நீக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வரும் கல்வியாண்டிலிருந்து விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகக் கிளிக் செய்து ஓடவிடும் ஸ்டாப் மோஷன் படம் எடுக்க வேண்டாம், ஆளுக்கொரு சிறிய அனிமேஷனைக் கணினியில் தனியாகச் செய்து கொடுத்தால் போதும் என்ற முன்மொழிவு உங்கள் முன் இருப்பதாக அறிந்தேன். அதற்குச் சொல்லப்படும் காரணமும் காதுக்கு வந்தது. குழு வேலையில் யார் உழைத்தார், யார் சும்மா இருந்தார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. உழைத்தவர்கள் பிறகு வந்து வருத்தப்படுகிறார்கள்.

சென்ற ஆண்டு அந்தத் திட்டப்பணியை முடித்து வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்கு இனி வாங்குவதற்கோ இழப்பதற்கோ எதுவும் இல்லை. அந்த வருத்தம் நியாயமானது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள்கூடப் படப்பிடிப்பு நடக்கும் இருட்டறைக்குள் வராதவர்கள் மேடையேறிச் சான்றிதழ் வாங்கியதை எங்கள் வகுப்பே பார்த்தது. ஆனால் அதற்காகக் குழுப்படத்தையே எடுத்துவிடுவது சரியல்ல. முடிந்த படத்தை மட்டும் திரையில் போட்டுப் பார்த்து மதிப்பெண் இடுவதால்தான் யார் என்ன செய்தார் என்பது மறைந்துபோகிறது. படம் உருவான வழியைப் பார்த்தால் ஒவ்வொருவர் கையும் தனித்தனியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் படம், ஐப்பசி மழையில் தெருத்தெருவாகப் போய்க் குடை ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரைப் பற்றியது. அணியில் ஐந்து பேர். பொம்மை செய்தவர் ஒருவர், அதை அசைத்தவர் ஒருவர், கேமராவும் விளக்கும் பார்த்தவர் ஒருவர், செட்டும் மழையும் செய்தவர் ஒருவர். என் வேலை எக்ஸ்போஷர் ஷீட் எழுதுவது. எந்த ஷாட்டில் எத்தனையாவது ஃப்ரேமில் பொம்மையின் எந்த உறுப்பு எவ்வளவு நகர வேண்டும், எந்த வாய் ஒட்ட வேண்டும், விளக்கு எந்த அளவில் இருந்தது என்று ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வரி எழுத வேண்டும். திரையில் இந்த வேலையின் சுவடே தெரியாது.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஸ்டாப் மோஷனில் பெரும்பாலும் ஒரு கிளிக்கில் எடுத்த படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படியானால் விநாடிக்கு 12 படம், ஒரு நிமிடத்துக்கு 720. எங்களுக்குக் குறைந்தது மூன்று நிமிடம் வேண்டும் என்று விதி இருந்தது, அதாவது 2,160 படங்கள். பெரிய ஸ்டூடியோக்களில் தேர்ந்த அனிமேட்டர் ஒருவர் ஒரு நாளில் முடிப்பதே சில விநாடிகள்தான். வகுப்பும் தேர்வும் இருக்கிற பருவத்தில் மாணவர்கள் மூன்று நிமிடத்துக்கு ஓடினால் என்ன நடக்கும்? நீளமான டைட்டில், அசையாத தெருக் காட்சி, மெதுவாக நகரும் கேமரா என்று நிமிடத்தை நிரப்புவார்கள். எங்கள் ஆண்டில் பல அணிகள் அதைத்தான் செய்தன. தயவுசெய்து இந்த விதியை ஒரு நிமிடமாகக் குறையுங்கள். நன்றாக அசைகிற ஒரு நிமிடம் போதும்.

பொம்மைக்கு உள்ளே எலும்பாக இருப்பது கம்பி. எஃகுக் கம்பியை வளைத்தால் அது திரும்பத் துள்ளும். கட்டுக்கம்பி திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். அலுமினியக் கம்பியை இரண்டு புரியாக முறுக்கி, மூட்டு வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் எம்-சீல் பூசி இறுக்க வேண்டும். அதுவும் ஒரு நாள் உடையும், பெரும்பாலும் முழங்கையில், அதுவும் ஷாட்டின் நடுவில். அதனால் எங்கள் பொம்மைக்காரர் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே வலது கை மட்டும் பல செய்து வைத்திருந்தார். பெரியவர் குடைக்கம்பியை வளைப்பது அந்தக் கையால்தான் என்று ஸ்டோரிபோர்டைப் பார்த்து அவரே கணித்திருக்கிறார். யாரும் கேட்டுச் செய்ததல்ல. மதிப்பெண் போடும்போது அந்த உதிரிக் கைகளை யாரும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

விளக்குக்காரர் செய்த வேலையும் அப்படித்தான். தானியங்கி லென்ஸ் வைத்த கேமராவில் ஒவ்வொரு கிளிக்குக்கும் லென்ஸின் துவாரம் புதிதாக மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வரும். தனிப் படத்தில் அது தெரியாது. வரிசையாக ஓடவிட்டால் வெளிச்சம் படபடவென்று துடிக்கும். கையால் துவாரம் திருகுகிற பழைய லென்ஸ் போட்டால் அந்தத் துடிப்பு போய்விடும். விளக்குக்காரரின் அப்பா கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தது. அதற்கு ஓர் அடாப்டர் வாங்கி மாட்டினார். பிறகு கேமரா தானாக நிறத்தை மாற்றிக்கொள்ளாதபடி ஒயிட் பேலன்ஸைப் பூட்டினார், சன்னலுக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டினார், வெளிர்நிறச் சட்டை போட்டு யாரும் செட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்றார். சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்கூடப் பொம்மையின் முகத்தை மாற்றிவிடும். படம் பார்ப்பவர் ‘வெளிச்சம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லமாட்டார். வெளிச்சத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தோன்றாது. அந்த ஒன்றும் தோன்றாமைக்குத்தான் ஒருவர் பருவம் முழுக்க உழைத்தார்.

கம்பிக்கு மேல் பொம்மையின் உடலாக இருப்பது கிளே, களிமண் போலப் பிசையக்கூடியது. சென்னைக் கோடையில் அது இளகிவிடும். மின்விசிறியைப் போட்டால் செட்டில் உள்ள காகித இலை ஆடும். போடாவிட்டால் அசைப்பவரின் நெற்றி வியர்வை பொம்மை மேல் விழும். இதற்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது: ஷாட்டுக்கு ஷாட் இடைவெளி விட்டு, பொம்மையின் தலையை ஐஸ் பெட்டியில் வைத்து எடுப்பது. மழையை எப்படிக் காட்டினோம் என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் கிளிசரின் துளிகளை வைத்து, படத்துக்குப் படம் ஊசியால் கீழே இழுத்தோம். நிஜத் தண்ணீர் வழிந்துவிடும், உலர்ந்துவிடும். கிளிசரின் வைத்த இடத்தில் நிற்கும்.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வாயசைவைப் பற்றி. தனி ஆள் அனிமேஷனில் இது நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

வாயசைவுக்கான அட்டவணைகள் எங்கே தேடினாலும் கிடைக்கும். எல்லாம் ஆங்கில ஒலிகளுக்குப் போட்டவை. அவற்றை வைத்து எங்கள் பெரியவரைத் தமிழ் பேசவைத்தபோது டப்பிங் படம் மாதிரி இருந்தது. பெரியவரின் பேத்திக்குக் குரல் கொடுக்கத் தமிழ்த் துறையிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். அவர் எங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு மறுநாள் தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கொண்டுவந்தார். எந்த எழுத்து வாயின் எந்த நிலையில் பிறக்கிறது என்று அதில் இருக்கிறது. அ, ஆ வாய் திறந்து பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து பிறக்கும். ப, ம இதழ் இரண்டும் பொருந்திப் பிறக்கும். வ மேற்பல்லும் இதழும் சேர்ந்து பிறக்கும். மற்ற மெய்களெல்லாம் நாக்கும் அண்ணமும் பல்லும் உள்ளே செய்கிற வேலை. எதிரில் நின்று பார்ப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெளியே தெரியாத மெய்க்குத் தனி வாய் செய்ய வேண்டாம், அடுத்து வரும் உயிரின் வாயைப் போட்டால் போதும். வெட்டி ஒட்டிய காகித வாய்கள் ஏழிலேயே படம் முழுக்கப் பேசிவிட்டது.

காலக் கணக்கையும் அவரே எடுத்துக் கொடுத்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. குறிலுக்கு ஒரு படம், நெடிலுக்கு இரண்டு படம் என்று நான் ஷீட்டில் முதல் கணக்காக எழுதிக்கொண்டு, பிறகு பதிவான குரலின் அலையைப் பார்த்துக் கூட்டினேன், குறைத்தேன். ப்பும் ம்மும் மெய்தானே என்று விட்டுவிட முடியாது. உதடு மூடுவது ஒரு படமாவது திரையில் நின்றாக வேண்டும், இல்லையென்றால் பேச்சு நழுவிவிடும். ‘ரிப்பேர்’ என்பதில் அந்த இரட்டைப் பகரத்துக்கு மட்டும் இரண்டு படம் கொடுத்தேன்.

‘குடை ரிப்பேரே...’ என்று பெரியவர் தெருவில் கூவும் இடத்தில் எந்தக் கணக்கும் நிற்கவில்லை. ஏகாரம் இழுத்துக்கொண்டே போகிறது. இசையிலும், தொலைவில் இருப்பவரை அழைப்பதிலும், பண்டம் கூவி விற்பதிலும் எழுத்து தன் அளவைக் கடந்து ஒலிக்கும் என்று நன்னூல் சொல்வதை அந்த மாணவி காட்டியபோது அறையில் இருந்த ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டோம். கூவுகிறவரின் வாயை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம் என்று இலக்கணமே எங்களுக்கு அனுமதி கொடுத்தது போல இருந்தது. அந்த ஷாட்டில் ஒரே வாயை நீளமாக நிறுத்தி, தாடை மட்டும் மெல்ல இறங்கவிட்டோம். படத்திலேயே எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான்.

விஸ்காம் மாணவியான எனக்குப் பிறப்பியலைத் தேடிப்போகத் தோன்றியிருக்காது. அந்த மாணவிக்கு அது ஒரு நாள் பொம்மையின் வாயாகும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு துறையும் ஓர் இருட்டறையில் உட்கார்ந்ததால் நடந்தது. ஆனால் திட்டப்பணி விதியில் அவருக்கு இடமில்லை. வேற்றுத்துறை மாணவர் என்பதால் மதிப்பீட்டுத் தாளில் அவர் பெயர் வரவே இல்லை. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் மட்டும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். வேற்றுத்துறை மாணவர்களும் இந்தத் திட்டப்பணியில் சேர்ந்து கிரெடிட் பெற வழி செய்யுங்கள்.

தனியாகச் செய்தால்தான் ஒருவரின் திறமை தெரியும் என்று நினைப்பவர்களுக்கு நிக் பார்க்கின் கதையை நினைவுபடுத்துகிறேன். வாலஸ், குரோமிட் என்ற இரண்டு பொம்மைகளை உலகுக்குத் தந்த முதல் படத்தை அவர் இங்கிலாந்தின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் மாணவராக இருந்தபோது 1982இல் தொடங்கினார். பெரும்பகுதியைத் தனியாகவே செய்துகொண்டிருந்தார். படம் நகரவில்லை. 1985இல் பிரிஸ்டலில் இருந்த ஆர்ட்மேன் ஸ்டூடியோ அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, இந்தப் படத்தை முடிக்கவும் கைகொடுத்தது. படம் 1989இல் முடிந்தது. அவருடைய திறமையில் யாருக்கும் ஐயமில்லை. அப்படிப்பட்டவருக்கே மாணவப் படத்தை முடிக்க ஒரு ஸ்டூடியோவின் கைகள் தேவைப்பட்டன.

அணி என்றால் சண்டையும் உண்டு. அசைப்பவருக்குக் கையை உள்ளே விட இடம் வேண்டும். விளக்குக்காரருக்கு விளக்கு கிட்டத்தில் வேண்டும். இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. தீர்த்துவைத்தது செட் செய்தவர். தெருவின் ஒரு பக்கச் சுவரைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி அறுத்துக் கொடுத்தார். கேமராவுக்குத் தெரியாத பக்கம் கையை விட்டு அசைக்கலாம், விளக்கும் இருந்த இடத்தில் இருக்கும். பேசித் தீராதது ரம்பத்தால் தீர்ந்தது. தனியாகக் கணினி முன் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இந்தச் சண்டை வராது. இந்தத் தீர்வும் கிடைக்காது. வேலைக்குப் போகிற எந்த ஸ்டூடியோவிலும் எங்களுக்குக் காத்திருப்பது இதே சண்டைதான்.

ஒரு நீண்ட ஷாட்டின் நடுவில் அசைப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெரியவர் குனிந்து குடையை எடுத்து நிமிரும் காட்சி. பாதி நிமிர்ந்த நிலையில் பொம்மை நிற்கிறது. அப்படியே விட்டால் கிளே தொய்ந்துவிடும். பொம்மை செய்தவர்தான் அதை முடித்தார். ஒவ்வொருவர் கை அசைவுக்கும் ஒரு நடை உண்டு. அது மாறினால் பெரியவர் திடீரென்று வேறு ஆளாகிவிடுவார். அசைப்பவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார், எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார், இடுப்புக்கு முன்னால் தலை திரும்பியதா பின்னால் திரும்பியதா என்பதெல்லாம் ஷீட்டில் இருந்தது. அதை நான் படிக்கப் படிக்கப் பொம்மை செய்தவர் அசைத்தார். இன்று அந்த ஷாட்டைப் பார்த்து எங்கே கை மாறியது என்று எங்கள் ஆசிரியர்களால்கூடச் சொல்ல முடியவில்லை. ஷீட்டைப் பார்த்தால் நொடியில் சொல்லலாம். கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன.

நீங்கள் தேடும் சான்று அந்த ஷீட்டில்தான் இருக்கிறது. படத்தோடு எக்ஸ்போஷர் ஷீட்டையும் சோதனைப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்கு வையுங்கள். வாய்மொழித் தேர்வை வகுப்பறையில் வைக்காமல் செட்டுக்கே வந்து வையுங்கள். அசைத்தவரிடம் ஒரு விநாடி, அதாவது 12 படம், உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். விளக்குக்காரரிடம் மூன்றாம் ஷாட்டின் வெளிச்சத்தைத் திரும்ப அமைக்கச் சொல்லுங்கள். பொம்மைக்காரரிடம் ஒரு முழங்கையைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். இருட்டறைக்குள் வராத ஆள் அரை மணி நேரத்தில் வெளியே தெரிந்துவிடுவார். வீணாய்ப்போன ஷாட்டுகளுக்கும் மதிப்பு இருக்கட்டும். ஒரு ஷாட் ஏன் வீணானது, அடுத்த முறை எதை மாற்றினார்கள் என்று சொல்லத் தெரிந்த மாணவர் படிப்பை நன்றாகவே படித்திருக்கிறார்.

அறையைப் பற்றியும் கேட்டாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே நாற்காலிகள் அடுக்கியிருந்த அறை. கல்லூரி விழாவுக்கு நாற்காலி எடுக்க வந்தவர்கள் எங்கள் மேசையைச் சற்று நகர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் அக்கறையாகத் திரும்பவும் வைத்துவிட்டுப் போனார்கள். சற்று நகர்ந்ததால் மழைக் காட்சி முழுவதும் வீணானது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, இப்படி ஒரு வேலை அங்கே நடப்பதாக யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 1912இல் தாதாசாகேப் பால்கே ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாளுக்கு ஒரு ஃப்ரேமாக ஒரு மாதத்துக்கும் மேல் படமாக்கினார். அதைக் காட்டித்தான் தம் முதல் கதைப்படத்துக்குப் பணம் திரட்டினார். அந்த மாதம் முழுவதும் அந்தத் தொட்டியையும் கேமராவையும் யாரும் தொடாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு பருவத்துக்கு ஓர் அறை, அதற்கு ஒரு பூட்டு, சாவி அணியின் கையில். ஏசி கேட்கவில்லை. இவ்வளவு கொடுத்தால் எந்தப் புதிய மென்பொருளும் வாங்காமலேயே படங்களின் தரம் உயரும்.

கணினி அனிமேஷனுக்கு நான் எதிரி அல்ல. எங்கள் அணியில் இருவர் இப்போது அதில்தான் வேலை செய்கிறார்கள். எடை எங்கே விழுகிறது, ஒரு கை நிற்பதற்கு முன் எப்படித் தயங்குகிறது என்பதைக் கம்பியும் கிளேயும் கற்றுக்கொடுத்த பிறகு அங்கே போனதால் வேலை எளிதாக இருக்கிறது என்று இருவருமே சொல்கிறார்கள். தனி அனிமேஷனை ஐந்தாம் பருவத்தில் வையுங்கள், ஆறாம் பருவத்தில் குழுப்படம் இருக்கட்டும். இரண்டுக்கும் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன் எங்களை ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். ஷீட்டுகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஏழு வாய்களும் உடைந்த முழங்கைகளும் பொம்மைக்காரரிடம் இருக்கின்றன. தமிழ்த் துறை மாணவி உட்பட அணியில் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஷாட்டை வேண்டுமானாலும் எடுத்து, அதில் யார் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
குடை ரிப்பேர் அணியின் சார்பில்,
ஷீட் எழுதியவள்